ஆணியிலிருந்து இறங்கிய பைகள்

அந்தப் பட்டறையில் எவரையும் "நாளை முதல் வராதே" என்று வாய்திறந்து சொல்லும் வழக்கம் கிடையாது. வாய் திறந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டிவரும். பதில் சொல்வது முதலாளிமார்களின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று. ஆகவே, பேசாமலே சொல்லிவிடும் ஒரு முறையைப் பெரிய முதலாளி தம் காலத்திலேயே ஏற்படுத்தி வைத்திருந்தார்.

பழுதான பம்புகளும் மோட்டார்களும் வந்து குவியும் பட்டறை அது. சொந்தக் கருவிகளோடு வருபவனுக்கே அங்கே வேலை. ஸ்பேனரும் அரமும் குறடும் சுத்தியலும் தொழிலாளியுடையவை. அவற்றைச் சுமக்கும் கித்தான் பையும் அவனுடையதே. ஆனால் மாலையில் மணி அடித்ததும் அந்தப் பை அவனோடு வீட்டுக்குப் போகக்கூடாது. கருவி அறையின் சுவரில் ஆளுக்கு ஓர் ஆணி உண்டு. பையை அதில் மாட்டிவிட்டு, வீசிய கையும் வெறுங்கையுமாக அவன் வீடு திரும்ப வேண்டும். "எல்லாம் பத்திரத்துக்குத்தான்" என்றார் பெரிய முதலாளி. எவரிடமிருந்து பத்திரம் என்று அவர் சொல்லவில்லை. விடுமுறை நாளில் ஒருவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு போய் வேறெவர் வீட்டுப் பம்பையாவது பழுதுபார்த்து நாலு காசு பார்த்துவிடக்கூடாது என்பதுதான் அந்தப் பத்திரம். பட்டறையில் திரியும் பூனைக்குக்கூட அது தெரியும்.

வேலை போகிறவனின் பை மட்டும் ஒரு காலையில் ஆணியில் இருக்காது. அறை வாசலை முக்கால்வாசி அடைத்துக் கிடக்கும் நீள மேஜையின் நடுவில் இருக்கும். அவ்வளவுதான். வந்தவன் பார்ப்பான், பார்த்ததும் புரிந்துகொள்வான், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விடுவான். மற்றவர்கள் அந்த நேரத்தில் தத்தம் செருப்பையோ கூரையையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தேநீர் வேளையில் ஒருவர் மெல்லச் சொல்வார்: "அவனுக்குப் பை வந்துடுச்சுப்பா." யாருக்காவது பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வதைப் போன்ற சாதாரணக் குரலில் சொல்வார்.

அந்தக் கருவி அறையின் சாவி ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்தது. அவளைப் பட்டறை முழுவதும் சாவியக்கா என்றே அழைத்தது. மேஜையின் நடுவில் பையை எடுத்து வைக்கும் கை அவளுடைய கைதான். வைத்தது கைதானே, மனம் அல்லவே என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பல காலைகளைக் கடந்திருந்தாள்.

அவளுடைய கணவர் அதே பட்டறையில் லேத் எந்திரத்தில் கடைசல் பிடித்தவர். ஒருநாள் மூடியில்லாத பெல்ட் அவருடைய வலக்கையை இழுத்தது. எந்திரத்தை நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கள் போயின. கடைசல் வேலை போனது. கடைசல்காரர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. அப்போதே அவருக்குப் பை வந்திருக்கும். வரவிடாமல் தடுத்தவர் ஒரே ஒருவர். அவர் பம்பு பொருத்துபவர். படித்ததென்னவோ குறைவு; பேச்சில் எவருக்கும் இளைக்காதவர். அதனாலேயே அவருக்கு வக்கீல் என்று பெயர். பெல்ட்டுக்குக் கூண்டு போடும்வரை நகரமாட்டேன் என்று பெரிய முதலாளியின் அறை வாசலில் போய் நின்றார் அவர். காலையிலிருந்து மணியடிக்கும்வரை நின்றார். கூண்டு வந்தது. கடைசல்காரருக்குப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கும் வேலை வந்தது. அவர் மனைவிக்குக் கருவி அறையின் சாவி வந்தது. அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவது அன்று வக்கீல் கால்கடுக்க நின்றதனால்தான். இதை அந்தக் குடும்பமும் மறுத்ததில்லை.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் நாற்காலியில் அமர்ந்தார். அவரைச் சின்னவர் என்றார்கள். சின்னவர் கோபித்து எவரும் பார்த்ததில்லை. எல்லாரையும் அண்ணன் என்பார், அக்கா என்பார். தொழிலாளர்களின் அறிவை வளர்ப்பதென்று அவர் ஒரு முடிவும் செய்திருந்தார். வாரம் ஒருமுறை தேநீர் வேளையில் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து வைத்து, ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்வழக்கைக் கற்றுக்கொடுப்பார். இந்த ஆண்டு ஊதிய உயர்வு இல்லை என்று அறிவித்த வாரத்தில் அவர் கற்றுக்கொடுத்தது 'டேக் இட் ஈஸி'. தொழிலாளர்களும் பொறுமையாகக் கற்றார்கள். பாடம் முடியும்வரை எந்திரம் ஓடாதல்லவா?

பிறகு ஒருநாள் அவர் கரும்பலகையில் எழுதிய சொல் 'கெட் த சேக்'.

"இதுக்கு என்ன அர்த்தம்? யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றார் சின்னவர்.

"சேக்னா மூட்டை சார்" என்றார் மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவர். எதற்கும் முந்திக்கொண்டு ஒரு நையாண்டி செய்யாவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது. "மூட்டை தூக்குன்னு அர்த்தம். நாம தினமும் பண்றதுதானே."

"கிட்ட வந்துட்டீங்க. வேலை போயிடுச்சுன்னு அர்த்தம். ஏன் அப்படிச் சொல்றாங்க தெரியுமா?" சின்னவரின் முகம் மலர்ந்தது. "அந்தக் காலத்துல அங்கேயும் தொழிலாளிங்க சொந்தக் கருவியோடதான் வேலைக்குப் போவாங்க. கருவியெல்லாம் ஒரு பைக்குள்ள. வேலை இருக்கிற வரைக்கும் பை முதலாளிகிட்ட இருக்கும். வேலை இல்லேன்னா, பையை எடுத்துக் கையில கொடுத்துடுவாரு. அவனுக்குச் சேக் கிடைச்சுடுச்சும்பாங்க. இதுதான் காரணம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தக் கதைதான் அதிகமாப் பொருந்துது. பிரெஞ்சுக்காரங்க, டச்சுக்காரங்ககூட இதே மாதிரிதான் சொல்றாங்க. பிரெஞ்சுல ரொம்ப காலத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு."

அவர் ஒரு கணம் நிறுத்தி, கருவி அறையைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"யோசிச்சுப் பாருங்க. உலகம் முழுக்க அது வெறும் வார்த்தையாப் போச்சு. வார்த்தைக்குள்ள இருந்த நிஜமான பை நம்ம பட்டறையில மட்டும்தான் இன்னும் உயிரோட இருக்கு. இது நமக்கு ஒரு பெருமை இல்லையா?"

கூட்டம் சிரித்துவைத்தது. முதலாளியின் நகைச்சுவைக்கு எவ்வளவு சிரிக்க வேண்டுமோ, அளந்தாற்போல் அவ்வளவே சிரித்தது. சாவியக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெருமையை ஒவ்வொரு முறையும் தூக்கி மேஜையில் வைத்தவள் அவள் அல்லவா?

"ஒரு சந்தேகம் சார்." வக்கீல் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"கேளுங்க வக்கீலண்ணே."

"அவன் சொந்தப் பையோட வந்தான். சரி. போறப்போ முதலாளி அந்தப் பையைக் கொடுத்தாருன்னீங்க. அதுவும் சரி. நடுவுல அவன் பை முதலாளி கைக்கு எப்படிப் போச்சு? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே."

"பத்திரத்துக்கு வாங்கி வச்சிருப்பாங்க."

"நல்லா இருக்கே! என் செருப்பைக் கழட்டி வாங்கி வச்சுக்கிட்டு, நான் போறப்போ என்கிட்டயே நீட்டி, 'இந்தாப்பா, உனக்குச் செருப்பு கொடுத்துட்டேன்'னு சொன்னா, நான் அதைக் கும்பிட்டு வாங்கணுமா சார்? பை அவனோட தோள்லயே இருந்திருந்தா, எவனும் எவனுக்கும் பை கொடுத்திருக்க முடியாது. இங்கிலீஷ்ல இந்த வார்த்தையே பிறந்திருக்காது. இதுல பெருமைப்பட என்ன சார் இருக்கு? வெட்கப்பட வேண்டிய வார்த்தையாச்சே இது!"

இப்போது சிரிப்பு அளவில்லாமல் எழுந்தது. கம்பி சுற்றுபவர் தொடையைத் தட்டினார். எண்ணெய்க் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு கடைசல்காரரும் சிரித்தார். சின்னவரும் சிரித்தார். ஆனால் அவருடைய பார்வை கூட்டத்தின் மீது மெதுவாக நகர்ந்து, யார் யார் எவ்வளவு சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனது. அந்தப் பார்வையைச் சாவியக்கா மட்டும் கவனித்தாள்.

"நல்லாப் பேசுறீங்க வக்கீலண்ணே" என்று சொல்லிவிட்டுச் சின்னவர் கரும்பலகையைத் துடைத்தார்.

மாலையில் எல்லாரும் பைகளை மாட்டிவிட்டுப் போன பிறகு, அவர் கருவி அறைக்கு வந்தார்.

"அக்கா, ஒரு சின்ன வேலை. நாளைக்குக் காலையில வக்கீலோட பை." மேஜையின் நடுவை விரலால் இரண்டுமுறை தட்டிக் காட்டினார்.

"சார்... அவரு என்ன தப்பு பண்ணாரு?"

"தப்பு பண்ணாருன்னு நான் சொன்னேனா?"

"ஒரு வார்த்தை பேசினதுக்குப் போயி..."

"வார்த்தையோட மதிப்பு எனக்குத் தெரியும்க்கா. அதனாலதானே வாராவாரம் சொல்லித் தர்றேன்." குரலில் சற்றும் கடுமை இல்லை. வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். "அண்ணனுக்குக் கை எப்படி இருக்கு? இன்னும் வலிக்குதா? அந்தக் கையோட அவரு வேற எங்க போவாரு, பாவம். நான் இருக்கிற வரைக்கும் கவலைப்படாதீங்க."

இதைவிட மரியாதையாக ஒருவரின் கழுத்தில் கத்தி வைக்க முடியாது.

வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து கடைசல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூன்று விரல்களால் உரிப்பதற்கு அவர் ஒரு வழி பழகி வைத்திருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கை நின்றது; பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கியது.

"அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்" என்றார்.

"அந்த நீள வாய் இல்லேன்னா, இன்னைக்கு உரிக்கிறதுக்கு வெங்காயம் இருந்திருக்காது."

"நான் இல்லேன்னா சொன்னேன்? நாம என்ன பண்ண முடியும், சொல்லு? நீ வைக்கலேன்னா அவரே வந்து எடுத்து வைக்கப் போறாரு. கூடவே உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்."

"எல்லாருமா சேர்ந்து நின்னா?"

"எங்க நிக்கிறாங்க? சிரிக்கிறப்போ கூட்டம் இருக்கும். நிக்கிறப்போ பாரு, அவனவன் வீட்டுல அவனவனுக்கு அவசர வேலை வந்துடும்."

"யாராவது நின்னா, நீங்க நிப்பீங்களா?"

கடைசல்காரர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். வெங்காயத்தின் காரமோ வேறெதுவோ, அவருடைய கண் கலங்கியிருந்தது. "நிக்காம? அவன் எனக்காக நின்னவன். நாலு பேரு நிக்கட்டும், அஞ்சாவது ஆளா நான் நிப்பேன். சத்தியமா நிப்பேன்."

அந்த ஒரு சொல்லை அவள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். நாலு பேரைக் கொண்டுவந்து நிறுத்துவது தன் வேலை என்று நினைத்தாள். அஞ்சாவது ஆளாகத்தான் நிற்பேன் என்று ஆளுக்கு ஆள் காத்திருந்தால் அந்த முதல் நால்வர் எங்கிருந்து வருவார்கள் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் முன்னதாகவே போய்க் கருவி அறையைத் திறந்தாள். வக்கீலின் பையை ஆணியிலிருந்து இறக்கினாள். மேஜையின் நடுவில் வைத்தாள். பக்கத்து ஆணியிலிருந்த கம்பி சுற்றுபவரின் பையையும் இறக்கி அதன் அருகில் வைத்தாள். அதற்கடுத்த பை, அதற்கும் அடுத்த பை. தன் கணவரின் பையை இறக்கும்போது அதிலிருந்த கடைசல் உளிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுங்கின. அவர் அவற்றைத் தொட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பை நாள்தோறும் அங்கேதான் உறங்கியது. சுவரில் வெற்று ஆணிகள் மிஞ்சின. மேஜையில் இடம் மிஞ்சவில்லை.

முதலில் வந்தவர் கம்பி சுற்றுபவர். மேஜையைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"அக்கா... எனக்கா? நான் என்னக்கா பண்ணேன்? நேத்து நான் சிரிச்சதுகூட இருமல் வந்துதான்க்கா!"

"நல்லாப் பாருங்க. உங்க பை மட்டுமா இருக்கு?"

அவர் பார்த்தார். பின்னால் வந்தவர்களும் பார்த்தார்கள். வாசலில் நெரிசல் உண்டானது. "பட்டறையை மூடிட்டாங்களா?" என்றார் ஒருவர். "பெரியவர் போயிட்டாரா?" என்றார் மற்றொருவர். வக்கீல் கடைசியாக வந்தார். தம் பை சரியாக நடுவில் இருப்பதைக் கண்டார். மற்றப் பைகளைக் கண்டார். பிறகு சாவியக்காவின் முகத்தைக் கண்டார். அவருக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. "வேணாம்மா" என்றார் தணிந்த குரலில்.

அவள் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக அத்தனை பேர் முன்னால் குரலை உயர்த்தினாள்.

"ஒரே ஒருத்தரோட பையைத்தான் வைக்கச் சொன்னாங்க. யாரோடதுன்னு நான் சொல்லமாட்டேன். உங்களோடதா இருக்கலாம், அவரோடதா இருக்கலாம். ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும்னு நெனச்சு எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டேன். எல்லாரும் அவங்கவங்க பையைத் தோள்ல போட்டுக்கிட்டு முற்றத்துல போய் நில்லுங்க. அத்தனை பேரையும் அனுப்பிட்டு இந்த எந்திரத்தை யார் ஓட்டுறாங்கன்னு பாத்துடுவோம்!"

தயங்கித் தயங்கி ஒரு கை நீண்டது. மற்றொரு கை நீண்டது. பைகள் தோளில் ஏறின. முற்றத்தில் ஒரு கூட்டம் நின்றது. வேலை நேரத்தில், வெளிச்சத்தில், தம்முடைய கருவிகளைத் தம்முடைய தோளிலேயே சுமந்தபடி நிற்பது அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. பட்டறை தொடங்கிய நாள்முதல் அப்படி ஒரு காட்சியை அந்த முற்றம் கண்டதில்லை. கம்பி சுற்றுபவருக்குத் துணிச்சல் திரும்பியது. "இப்படியே நடந்து போனா, ஆளுக்கொரு கடை போட்டுடலாம் போலிருக்கே" என்றார். சிலர் சிரித்தார்கள். கடைசல்காரர் கூட்டத்தின் நடுவில் நின்றார். பையை மார்போடு அணைத்திருந்தார். சாவியக்கா அவரைப் பார்த்தாள். நாலென்ன, அதற்கும் மேலாகவே ஆள் சேர்ந்துவிட்டது என்று அவள் நெஞ்சு நிமிர்ந்தது.

சின்னவரின் வண்டி உள்ளே வந்தது. இறங்கினார், பார்த்தார், கோபிக்கவில்லை. கூட்டத்துக்கு வணக்கம் சொன்னார்.

"என்னண்ணே, எல்லாரும் வெளியில நிக்கிறீங்க? பையெல்லாம் வெயில்ல காயுதா?"

கூட்டம் பை வார்களை இறுக்கிப் பிடித்தது.

"நான் யாரையும் போகச் சொல்லலியே. யார் பேரையாவது சொன்னேனா? இல்லையே. வேலை வேணுங்கிறவங்க, வழக்கம்போலப் பையைக் கொண்டுபோய் அவங்கவங்க ஆணியில மாட்டிட்டு வேலையைப் பாருங்க. அவ்வளவுதான்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் இங்கேயே நிக்கிறேன். அவசரமே இல்ல."

அவசரமே இல்ல என்ற அந்தச் சொல்தான் கூட்டத்தை அறுத்தது. அடித்து விரட்டியிருந்தால் ஒருவேளை ஒட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர் காத்திருந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவரின் கண்ணில் தம்முடைய பயத்தையே கண்டார். முதலில் நகர்கிறவன் மானங்கெட்டவன். கடைசியில் நகர்கிறவன் வேலை கெட்டவன். இரண்டுக்கும் நடுவில் நகர்வதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கூட்டம்.

அப்போது ஒருவர் நடந்தார். பையை மார்போடு அணைத்தபடி, தலை குனிந்தபடி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார். அவர் நடந்த நடையில் கிணுங்கிய உளிகளின் ஒலி சாவியக்காவுக்குத் தெரிந்த ஒலி. மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போன கடைசல்காரர், மூன்று விரல்களால் பையின் வாரைப் பிடித்துத் தூக்கி, ஆணியைத் தேடினார். முதல்முறை தவறியது. இரண்டாம் முறை மாட்டினார். வாசலில் நின்ற மனைவியின் முழங்கையை உரசியபடி வெளியே வந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"சாவியக்கா புருஷனே மாட்டிட்டாரு, நமக்கென்னப்பா" என்று எவரோ முணுமுணுத்தார். அதன் பிறகு கூட்டத்துக்கு வெட்கம் தேவைப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பைகள் ஆணியேறின. கம்பி சுற்றுபவர் மாட்டிவிட்டு, "மன்னிச்சுக்கக்கா, வீட்டுல நிலைமை சரியில்ல" என்றார். நையாண்டி எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

முற்றத்தில் வக்கீல் மட்டும் நின்றார்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பையோடு கருவி அறையை நோக்கி வந்தார். "வேலை வேணுங்கிறவங்க மாட்டலாம்னீங்க. எனக்கும் வேணும் சார். பொண்ணு படிக்கிறா, மூத்தவனுக்கு உடம்பு சரியில்ல. வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று சொல்லிக்கொண்டே தம் ஆணியை நோக்கிப் பையைத் தூக்கினார்.

"வக்கீலண்ணே" என்றார் சின்னவர்.

"சொல்லுங்க சார்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? பையை மாட்ட வேண்டாமா, நாளையிலிருந்து நான் வர வேண்டாமா? தெளிவாச் சொல்லிடுங்க சார். எனக்குக் கொஞ்சம் மந்த புத்தி."

சின்னவரின் முகத்திலிருந்த சிரிப்பு முதல்முறையாகக் கலைந்தது. "உனக்கு இங்க வேலை இல்ல. போ."

"ஆகா!" வக்கீல் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பா காலத்துலேருந்து பையை வச்சே சொல்லிட்டிருந்தீங்க. வாயால சொல்ல வச்சேன் பாருங்க, அது போதும் எனக்கு. அந்தக் கரும்பலகையில இதையும் எழுதிப் போடுங்க."

எந்திரங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அவர் நடந்துபோகும் செருப்பொலி வாயில்வரை கேட்டது.

பிறகு சின்னவர் சாவியக்கா பக்கம் திரும்பினார். மறுபடியும் புன்னகை வந்துவிட்டது. அவளுக்கென்று கருவிப்பை எதுவும் இல்லை. அவர் அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அவளுடைய சாப்பாட்டுப் பை தொங்கியது. அதை எடுத்து, மேஜையின் நடுவில், மெதுவாக வைத்தார்.

"உங்களுக்கும் ஒரு சேக் வேணும்ல, அக்கா."

எவரோ ஒருவர் சிரித்தும்விட்டார். எவர் என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தையும் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டும்.

"சாவியை அண்ணன்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. இனிமே இந்த அறையை அவரு பாத்துக்கட்டும். எண்ணெயில கை வைக்க வேண்டியதில்ல. அந்தக் கைக்கு ஏத்த வேலை."

அவள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். கடைசல்காரரின் முன் போய் நின்றாள். அவர் கையை நீட்டவில்லை. பின்னுக்கு இழுக்கவும் இல்லை. அவள் அந்த வலக்கையைப் பிடித்து விரித்து, விரல்கள் இருந்த இடத்துக்கும் விரல்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் சாவியை வைத்து மூடினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாயிலுக்கு வெளியே வக்கீல் காத்திருந்தார்.

"உன்னை யாரும்மா இதெல்லாம் பண்ணச் சொன்னது? என் ஒருத்தனோட போயிருக்கும்."

"முன்னாடியெல்லாம் ஒருத்தர் ஒருத்தராத்தான் போனாங்க அண்ணே. நான்தானே எடுத்து வச்சேன்."

தெரு முனைவரை இருவரும் சேர்ந்து நடந்து, பிறகு அவரவர் வீட்டுக்குப் பிரிந்தார்கள்.

மாலையில் கடைசல்காரர் வீடு திரும்பினார். வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்தவர், வைத்த இடத்திலேயே நின்றுவிட்டார். கூடத்து மேஜையின் நடுவில் ஒரு பை இருந்தது. துணிகளால் புடைத்த பை. மேலே அவருடைய சட்டையின் கை ஒன்று பிதுங்கித் தெரிந்தது. அவர் முகம், காலையில் கம்பி சுற்றுபவரின் முகம் வெளிறியதைப் போலவே வெளிறியது.

அடுப்படியிலிருந்து வந்தவள் அதைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வேகமாகக் கிட்டே வந்தாள்.

"அது துவைச்ச துணி" என்றாள். "மடிக்கலாம்னு கொண்டுவந்து வச்சேன்."

அவர் மூச்சு விட்டார். நாற்காலியில் அமர்ந்தார். பிறகு, "நான் நிக்கணும்னுதான் நெனச்சேன்" என்றார். "காலு கேக்கல. அவரு கைக்கடிகாரத்தைப் பாத்ததும்... பெல்ட்டுக்குள்ள கை போன அன்னைக்கு வந்த மாதிரியே வந்துடுச்சு. நான் போகலேன்னா வேற எவனாவது போயிருப்பான்."

"போயிருப்பான். அவனை நான் திட்டிட்டு மறந்திருப்பேன். அவனுக்காக வக்கீலண்ணன் பெரியவர் வாசல்ல நின்னதில்லையே."

அவர் தலை குனிந்தது.

"சரி, அதை விடுங்க. பயந்துட்டீங்க. பயம் யாருக்குத்தான் இல்ல? நானும் அந்தப் பயத்துலதான் இவ்வளவு நாளும் எடுத்து வச்சேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அடுத்த பையை எடுத்து வைக்கச் சொன்னா, நீங்க எடுத்து வைப்பீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க?"

"சொல்லிட்டாரு" என்றார் கடைசல்காரர், தரையைப் பார்த்தபடி. "நாளைக்குக் காலையில. கம்பி சுத்துறவனோடது. நேத்து ரொம்பச் சிரிச்சானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

அவள் மேஜையருகில் போனாள். பையைக் கவிழ்த்துத் துணிகளைக் கொட்டினாள். ஒவ்வொன்றாக மடித்தாள். தன்னுடையவற்றை ஒரு பக்கம் அடுக்கினாள். அவருடையவற்றை மறுபக்கம் அடுக்கினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னுடைய அடுக்கை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். அவருடைய அடுக்கைத் திரும்பவும் அந்தப் பைக்குள் வைத்தாள். சட்டையின் கை வெளியே பிதுங்காதபடி உள்ளே தள்ளி, வாயை இறுக்கிக் கட்டினாள்.

ஆனால் அதை மேஜையின் மேல் விட்டுவைக்கவில்லை. எடுத்து அவருடைய மடியில் வைத்தாள். அவர் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

"பையை வச்சுட்டு ஒளிஞ்சுக்கிறவ இல்ல நான்" என்றாள். "வாயால சொல்றேன். போங்க."